இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூரம் என்று தேடினால் ஒரு எண் வருகிறது. நேரம் என்று தேடினால் தளத்துக்குத் தளம் ஓர் எண். டிக்கெட்டில் 8 மணி நேரம் என்று இருக்கிறது. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு கேப்டன் 6 மணி 50 நிமிடம் என்று அறிவிக்கிறார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொன்றை அளக்கிறார்கள். எங்கிருந்து எதுவரை அளந்தார்கள் என்று தெரிந்துவிட்டால் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். முதன்முறை விமானம் ஏறப் போகிறவர்களும், கனெக்‌ஷன் கிடைக்குமா என்று கவலைப்படுகிறவர்களும், வயதான பெற்றோரைத் தனியாக அனுப்பி வைக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன்.

'விமான தூரம்' என்று இணையத்தில் காட்டுவது எந்தத் தூரம்?

பெரும்பாலும் பெருவட்டத் தூரம். பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு, இரண்டு ஊர்களையும் தொட்டுச் செல்லும்படி பூமியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் அது பெருவட்டம். அந்த வட்டத்தில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருக்கும் சிறிய வில்தான் பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழி. நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். ஒவ்வொரு தீர்க்கரேகையும் ஒரு பெருவட்டத்தின் பாதி. நிலநடுக்கோட்டைத் தவிர மற்ற அட்சரேகைகள் எதுவும் பெருவட்டம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு இதுதான் விடை.

விமான நிலையத்தில் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறார்கள் என்றும் சிலர் கேட்பார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் அதிகாரபூர்வமாகக் குறித்த ஒரு புள்ளி உண்டு. அது பொதுவாக ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். டெர்மினல் வாசலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வரைபடத்தில் விமானப் பாதை ஏன் வில்லாக வளைகிறது? நேராகப் போனால் தூரம் குறையாதா?

விமானம் ஏறக்குறைய நேராகத்தான் போகிறது, வளைந்திருப்பது வரைபடம். நாம் பார்த்துப் பழகிய உலகப் படங்களில் பல, வரைபட அறிஞர் மெர்கேட்டர் 1569இல் வெளியிட்ட முறையை ஒட்டியவை. கப்பலோட்டிகள் ஒரே திசைகாட்டிக் கோணத்தைப் பிடித்துக்கொண்டு போவதற்கு வசதியாக வரையப்பட்ட படம் அது. துருவங்களை நெருங்க நெருங்க நிலத்தை அது இழுத்துப் பெரிதாக்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். வடக்கு 60 டிகிரி அட்சரேகையில், உலகின் நேரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தட்டைப் படத்தில் இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அந்த அட்சரேகை வழியாகவே போகும். அந்த வழி சுமார் 10,000 கி.மீ. அதே இரண்டு இடங்களை வட துருவத்தின் வழியாக இணைத்தால் துருவம் வரை 30 டிகிரி, அங்கிருந்து இன்னொரு 30 டிகிரி. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 111 கி.மீ. என்றால் மொத்தம் சுமார் 6,670 கி.மீ. தான். படத்தில் நேராகத் தெரிவதை நம்பினால் 3,300 கி.மீ. அதிகமாகப் பறக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் நியூயார்க்கிலும் டோக்கியோவிலும் ஒரு நூலின் இரு முனைகளையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் பசிபிக்கின் நடுவே போகாமல் அலாஸ்கா பக்கம் ஏறிப் போவதைப் பார்க்கலாம். குழந்தைகளுக்குப் பாடமாகச் சொல்வதைவிட இதைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வது நல்லது.

தூரத்தை நானே கணக்கிட முடியுமா?

முடியும். பத்தாம் வகுப்பு முக்கோணவியலும் ஒரு கால்குலேட்டரும் போதும். சிங்கப்பூர் சாங்கி, டோக்கியோ நரிட்டா இரண்டையும் எடுத்துக்கொள்வோம். சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99 டிகிரி. நரிட்டா: வடக்கு 35.77, கிழக்கு 140.39 டிகிரி.

முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.0139 வரும். அடுத்து இரண்டு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகைகளின் வித்தியாசமான 36.40 டிகிரியின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.6529. இரண்டையும் கூட்டினால் 0.6668. எந்தக் கோணத்துக்கு இது கொசைன் என்று பார்த்தால் 48.18 டிகிரி. அதை 111.19ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5,360 கி.மீ. இணையத்தில் தேடிப் பாருங்கள், இதை ஒட்டித்தான் வரும். மிக அருகருகே இருக்கும் இடங்களுக்கு இந்தச் சூத்திரம் கால்குலேட்டரில் துல்லியத்தை இழக்கும். அதனால் நிரல் எழுதுகிறவர்கள் ஹேவர்சைன் என்ற சூத்திரத்தைப் பயன்படுத்துவார்கள். இரண்டும் ஒரே விடையைத் தருபவைதான்.

கணக்கைவிட எண்களை எழுதும்போதுதான் பலர் வழுக்குகிறார்கள். நரிட்டாவின் அட்சரேகை 35 டிகிரி 46 நிமிடம் என்று ஓர் இடத்தில் இருக்கும். அதை 35.46 என்று எழுதிவிட்டால் தவறு. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஆகவே 46 நிமிடம் என்பது 0.77 டிகிரி. இந்த ஒரு பிழையே நிலையத்தை 34 கி.மீ. தள்ளி வைத்துவிடும். தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் கழித்தல் குறி போட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தக் குறி விட்டுப்போனால் ஊரே வேறு கண்டத்தில் போய் விழும்.

ஒரே இரண்டு ஊர்களுக்குத் தளத்துக்குத் தளம் தூரம் ஏன் மாறுகிறது?

மூன்று காரணங்கள் இருக்கலாம். பூமி சரியான கோளம் இல்லை என்பது ஒன்று. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. சில தளங்கள் சராசரியாக 6,371 என்று வைத்துக் கணக்கிடும், சில தட்டையான உருண்டையாகவே கணக்கிடும். இதனால் வரும் வித்தியாசம் அரை சதவீதத்தைத் தாண்டாது, கவலைப்பட வேண்டியதில்லை.

மைல் அடுத்த காரணம். சாலை மைல் 1.609 கி.மீ., விமானிகளும் மாலுமிகளும் சொல்லும் நாட்டிகல் மைல் 1.852 கி.மீ. இது சிறிய வித்தியாசம் இல்லை, 15 சதவீதம். லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடிக்கும் இடையே சுமார் 3,450 மைல் என்றாலும் சரி, சுமார் 3,000 நாட்டிகல் மைல் என்றாலும் சரி, சுமார் 5,550 கி.மீ. என்றாலும் சரி. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால்தான் சிக்கல்.

மூன்றாவதுதான் உண்மையிலேயே ஆபத்தானது: தவறான விமான நிலையம். ஒரே நகரத்துக்குப் பல நிலையங்கள் இருக்கும். டோக்கியோவில் நரிட்டாவும் ஹனேடாவும் ஒன்றுக்கொன்று சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கின்றன. ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டிய டிக்கெட்டைக் கவனிக்காமல் வாங்கிவிட்டால் நடுவில் இருக்கும் மூன்று மணி நேரம் போதவே போதாது. இன்னும் மோசமானது ஒரே பெயரில் இரண்டு ஊர்கள். சான் ஹோசே கலிஃபோர்னியாவிலும் உண்டு, கோஸ்டா ரிக்காவிலும் உண்டு. சிட்னி ஆஸ்திரேலியாவிலும் உண்டு, கனடாவின் நோவா ஸ்கோஷாவிலும் உண்டு. ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைச் சரிபாருங்கள். கலிஃபோர்னிய சான் ஹோசே எஸ்.ஜே.சி., கோஸ்டா ரிக்கா எஸ்.ஜே.ஓ. வேறுபடுவது ஒரே ஓர் எழுத்து.

விமானம் அந்தத் தூரத்தை அப்படியே பறக்கிறதா?

இல்லை. எப்போதும் கொஞ்சம் கூடத்தான் பறக்கும். கிளம்பும் ஓடுபாதை மேற்கே பார்த்திருக்க, போக வேண்டிய ஊர் கிழக்கே இருந்தால் ஏறியதும் ஒரு சுற்றுத் திரும்ப வேண்டும். இறங்கும்போதும் அப்படியே. நடுவில் ஏர் டிராஃபிக் கண்ட்ரோல் வகுத்த வழிப்புள்ளிகளைத் தொட்டுப் போக வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ., ஒரு பயணம் வெளியிடும் கரியமில வாயுவைக் கணக்கிடும்போது இதற்கென்றே பெருவட்டத் தூரத்தோடு ஒரு தொகையைக் கூட்டிக்கொள்கிறது: 550 கி.மீ.க்குக் குறைந்த பயணத்துக்கு 50 கி.மீ., 5,500 வரை 100 கி.மீ., அதற்கு மேல் 125 கி.மீ. குறுகிய பயணங்களில்தான் இந்தச் சுற்று பெரிதாக உறைக்கும்.

கடல் மேல் நிலைமை வேறு. வட அட்லாண்டிக்கில் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே தினமும் புதிதாக வழிகள் வகுக்கிறார்கள். அன்றைய காற்றைப் பார்த்து, மேற்கே போகும் விமானங்களுக்கு பிரிட்டன்–அயர்லாந்துப் பக்கத்து ஷான்விக் கட்டுப்பாட்டு மையமும், கிழக்கே வரும் விமானங்களுக்குக் கனடாவின் காண்டர் மையமும் வெளியிடும். அதனால் ஒரே நிறுவனம், ஒரே எண், ஒரே விமானம். நேற்று போன வழி வேறு, இன்று போகும் வழி வேறு.

இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஓர் எஞ்சின் நின்றுபோனால் மற்றதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய பாதையில்தான் பறக்க வேண்டும். ஒரு காலத்தில் அந்த வரம்பு 60 நிமிடம். 1985இல் 120 நிமிடத்துக்கு அனுமதி வந்தது. இன்று ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. வரம்பு விரிய விரியப் பாதைகள் நேரானதற்கு இதுவே காரணம்.

வான்வெளி மூடப்படுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாதிப்பு. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யா வழியாகச் சுமார் ஒன்பதரை மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரி இறுதியில் அந்த வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு, வட துருவத்தின் வழியாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியதாகி, பயணம் சுமார் 13 மணி நேரமானது. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை! பழைய தளங்களில் பழைய நேரம் இன்னும் அப்படியே கிடக்கும். போர், எரிமலை, ஏவுகணைச் சோதனை என்று செய்தி வந்தால் உங்கள் பயண நேரத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தூரம் தெரிந்தால் நேரத்தை எப்படி மதிப்பிடுவது?

நான் பயன்படுத்தும் வாய்ப்பாடு இது. 2,000 கி.மீ.க்குக் குறைந்த பயணம் என்றால் தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். நீண்ட பயணம் என்றால் 850ஆல் வகுத்து முக்கால் மணி நேரம் கூட்டுங்கள்.

1,000 கி.மீ. பயணத்துக்கு 1.25 மணி நேரம், அதோடு அரை மணி, ஆக 1 மணி 45 நிமிடம். மேலே பார்த்த சிங்கப்பூர்–நரிட்டா 5,360 கி.மீ.க்கு 6 மணி 18 நிமிடம், அதோடு முக்கால் மணி, ஆகச் சுமார் 7 மணி நேரம். கால அட்டவணையும் இதைச் சுற்றித்தான் நிற்கும்.

ஏன் 800, ஏன் 850? ஏ320, போயிங் 737 போன்றவை ஒலியின் வேகத்தில் சுமார் 0.78 பங்கில் பறக்கும். ஏ350, 787 போன்றவை 0.85 பங்கில். 11 கி.மீ. உயரத்தில் குளிர் மைனஸ் 56 டிகிரி அளவில் இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகமே மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. தான். அப்படியானால் முதல் வகை மணிக்கு ஏறக்குறைய 830, இரண்டாம் வகை ஏறக்குறைய 900. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம். இறங்கத் தொடங்குவதே ஊருக்கு 200 கி.மீ. முன்னால். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்ற விதியும் உண்டு. ஆகவே 300 கி.மீ. பயணத்தில் விமானம் தன் முழு வேகத்தில் பறப்பது சில நிமிடங்கள்தான்.

இந்த வாய்ப்பாடு காற்றில்லாத நாளுக்கானது. கிழக்கு மேற்காக நீண்ட தூரம் போகிறவர்கள் இதை நடு எண்ணாக வைத்துக்கொண்டு இருபுறமும் அரை மணி, ஒரு மணி விட்டு யோசிக்க வேண்டும்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் எதிலிருந்து எதுவரை?

கேட்டிலிருந்து கேட் வரை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, சேர்ந்த ஊரில் கேட்டில் நின்று மறுபடி கட்டை வைக்கும் நொடி வரை. கேப்டன் அறிவிப்பது பெரும்பாலும் டேக் ஆஃப் முதல் லேண்டிங் வரை உள்ள நேரம். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் வித்தியாசம் வருவது சாதாரணம்.

தரையில் போகும் நேரத்தைக் குறைத்து எடை போடாதீர்கள். ஆம்ஸ்டர்டாம் ஷிபோலில் 2003இல் திறந்த போல்டர்பான் என்ற ஓடுபாதை டெர்மினலிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. அதில் இறங்கினால் கேட்டுக்கு வந்து சேரவே கால் மணி நேரம் ஆகலாம். ஜன்னலோரம் இருப்பவர்கள் நெடுஞ்சாலைக்கு மேலே பாலத்தில் விமானம் ஊர்ந்து போவதைப் பார்ப்பார்கள். ஹீத்ரோவில் வேறு மாதிரி. நெரிசல் நேரத்தில் விமானங்கள் இறங்குவதற்கு முன் நான்கு இடங்களில் வானிலேயே வட்டமிட்டுக் காத்திருக்கும்.

இவற்றையெல்லாம் உத்தேசித்து நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் கூடுதல் நேரம் சேர்த்து வைக்கின்றன. சிலர் இதை ஏமாற்று என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கனெக்‌ஷன் பிடிக்க வேண்டியவருக்கு 'எல்லாம் சரியாக நடந்தால் 3 மணி நேரம்' என்பதைவிட 'பெரும்பாலான நாட்களில் 3 மணி 20 நிமிடத்துக்குள்' என்பதே பயன்படும். ஆனால் 20 நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம் என்று அறிவித்தால், அதில் ஒரு பகுதி அந்தக் கூடுதல் நேரத்திலிருந்து வந்தது என்று தெரிந்திருப்பது நல்லது.

போக 8 மணி, வர 7 மணி. ஏன்? பூமி சுழல்வதாலா?

பூமி சுழல்வதால் விமானத்துக்குக் கீழே ஊர் தானாக நகர்ந்து வரும் என்று நினைப்பது பரவலான தவறு. பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. ஓடும் ரயிலுக்குள் முன்பக்கம் நடந்தாலும் பின்பக்கம் நடந்தாலும் ஒரு பெட்டியைக் கடக்க ஒரே நேரம்தானே ஆகிறது, அதுபோல.

உண்மையான காரணம் ஜெட் ஸ்ட்ரீம். 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்கே ஆறுபோல ஓடும் வேகக் காற்று. மணிக்கு 150, 200 கி.மீ. சாதாரணம், குளிர்காலத்தில் 300க்கு மேலும் போகும். (பூமியின் சுழற்சிக்கு இங்கே ஒரு மறைமுகப் பங்கு உண்டு. வெப்பமான பகுதியிலிருந்து துருவத்தை நோக்கிப் போகும் காற்றைக் கிழக்கே திருப்பிவிடுவது அதுதான்.) ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓய்ஷி 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டுபிடித்தார். அவர் தன் முடிவுகளை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டதால் வெளியுலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானிகள் அந்தக் காற்றில் நேரடியாகச் சிக்கிய பிறகுதான் பலருக்கும் அதன் பலம் உறைத்தது.

இந்தக் காற்று என்ன செய்யும் என்பதற்கு 2020 பிப்ரவரி 9 நல்ல சான்று. சியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் சேர்ந்தது. தரையை ஒப்பிட்டால் அது மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல் தொட்டது. அப்போதும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை. தன்னைச் சுற்றிய காற்றோடு ஒப்பிட்டால் அதன் வேகம் வழக்கமானதுதான். மீதியைக் காற்று கொடுத்தது.

போகும்போது எதிர்காற்றில் இழந்ததை வரும்போது பின்காற்றில் ஈடுகட்டிவிடலாமா?

முடியாது. 4,000 கி.மீ. பயணம், விமான வேகம் 800. காற்றில்லாத நாளில் போக 5, வர 5, மொத்தம் 10 மணி நேரம். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் பின்காற்றில் 1,000 வேகம், 4 மணி நேரம். எதிர்காற்றில் 600 வேகம், 6 மணி 40 நிமிடம். மொத்தம் 10 மணி 40 நிமிடம். எதிர்காற்றுக்குள் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் நஷ்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரிது.

கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்வதாக டிக்கெட் காட்டுகிறதே?

சரியாகத்தான் காட்டுகிறது. டிக்கெட்டில் அச்சிடும் நேரம் எல்லாம் அந்தந்த ஊரின் லோக்கல் டைம். ஒன்றிலிருந்து மற்றதை நேரடியாகக் கழிக்கக் கூடாது. இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு, அதாவது யு.டி.சி.க்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

டோக்கியோவில் திங்கள் மாலை 5 மணிக்குக் கிளம்பி, லாஸ் ஏஞ்சலஸில் அதே திங்கள் காலை 10 மணிக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். டோக்கியோ யு.டி.சி.யைவிட 9 மணி நேரம் முன்னால். எனவே கிளம்பியது யு.டி.சி. காலை 8 மணி. லாஸ் ஏஞ்சலஸ் குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால். எனவே சேர்ந்தது யு.டி.சி. மாலை 6 மணி. பயணம் 10 மணி நேரம்.

இதன் உச்சம் சமோவா. 2011 டிசம்பர் 30ஆம் தேதியை நாட்காட்டியிலிருந்தே விட்டுவிட்டு அந்த நாடு தேதிக்கோட்டின் மறுபக்கம் மாறிக்கொண்டது. இப்போது அங்கிருந்து பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்கன் சமோவாவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பறப்பு. ஆனால் நேர வித்தியாசம் 24 மணி. செவ்வாய் காலை கிளம்பினால் திங்கள் காலை போய்ச் சேர்வீர்கள்.

கோடைகால நேர மாற்றத்திலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் உள்ள இரண்டு மூன்று வாரங்கள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் வழக்கமான 5 மணி இல்லை, 4 மணி.

இத்தனை வருஷமாகியும் விமானங்கள் ஏன் வேகமாகவில்லை?

1958 அக்டோபரில் பான் ஆம் நிறுவனம் போயிங் 707ஐ நியூயார்க்–பாரிஸ் வழித்தடத்தில் விட்டது. இன்றைய விமானங்களும் ஏறத்தாழ அதே வேகம்தான். ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் இழுவை சட்டென்று ஏறிவிடும், எரிபொருள் கட்டுப்படியாகாது. ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கன்கார்டு 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் வந்தது. 2003இல் ஓய்வு பெற்றது. அதற்குப் பிறகு அந்த வேகத்தில் பயணிகள் சேவை எதுவும் வரவில்லை.

மிக நீளமான பயணம் எது, மிகக் குறுகியது எது?

இடையில் நிற்காத வழக்கமான சேவைகளில் சிங்கப்பூர்–நியூயார்க் கென்னடி சுமார் 15,350 கி.மீ., அட்டவணையில் ஏறக்குறைய 19 மணி நேரம். இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட நேரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால் பெருவட்டப் பாதை வட துருவத்தை உரசியபடி போகும். ஆனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் பசிபிக் வழியாகப் பின்காற்றைப் பிடித்துக்கொண்டு போகும். தூரம் கூடினாலும் நேரம் மிச்சம்.

குறுகியது ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு. 2.7 கி.மீ., அட்டவணையில் 2 நிமிடம். வேகமான பயணம் 53 நொடி.

விமானம் மாறிப் போகும் பயணத்துக்குத் தூரத்தை எப்படிக் கணக்கிடுவது?

பறக்கும் தூரம் என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் கண்டு கூட்ட வேண்டும். நேரத்துக்கு, முதல் விமானம் கிளம்புவதிலிருந்து கடைசி விமானம் சேரும் வரை முழுவதையும் எடுங்கள். டிரான்ஸிட்டில் இருக்கும் மணி நேரமும் உங்கள் வாழ்க்கையில்தான் கழிகிறது. வயதானவர்களுக்கும் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும், ஒரே டிக்கெட்டில் இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி இருப்பதையே நான் சொல்வேன். ஒரு மணி நேரக் கனெக்‌ஷன் விதிப்படி செல்லும் என்றாலும் முழங்கால் வலியோடு டெர்மினல் மாறுவது வேறு விஷயம்.

தாமதத்துக்கு இழப்பீடு கேட்க எந்தத் தூரம் செல்லும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் விதி தெளிவாகப் பெருவட்டத் தூரம் என்கிறது. 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்ற இரண்டு எல்லைகளை வைத்துத் தொகை மாறும். விமானம் மாறிப் போனால் நடுவில் சுற்றிய தூரம் கணக்கில் வராது; முதலில் கிளம்பிய நிலையத்துக்கும் கடைசியாகச் சேர வேண்டிய நிலையத்துக்கும் இடையே உள்ள நேரடிப் பெருவட்டத் தூரம்தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் சொன்னது. எப்போது 'சேர்ந்ததாக' ஆகும் என்பதற்கும் 2014இல் ஒரு தீர்ப்பு உண்டு. சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, கேட்டில் நின்ற நேரமும் இல்லை. ஏதாவது ஒரு கதவைத் திறந்து பயணிகள் இறங்கலாம் என்றான நேரம். எல்லைக்கோட்டில் இருக்கும் தாமதம் என்றால் கதவு திறந்த நேரத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரை அழைத்து வரப் போகிறேன். எந்த நேரத்தைப் பார்த்துக் கிளம்புவது?

அட்டவணையைப் பார்க்காதீர்கள். விமானம் கிளம்பிவிட்டதா, எப்போது டேக் ஆஃப் ஆனது என்று நிறுவனத்தின் தளத்திலோ விமானத் தடம் காட்டும் செயலியிலோ பாருங்கள். மேலே ஏறிவிட்ட விமானத்தின் லேண்டிங் நேரம் பெரும்பாலும் சில நிமிடத் துல்லியத்தில் காட்டும். லேண்டட் என்று வந்த பிறகு கேட்டுக்கு வர 10, 15 நிமிடம். உள்நாட்டுப் பயணம் என்றால் பெட்டியோடு வெளியே வர இன்னொரு அரை மணி. வெளிநாட்டுப் பயணம் என்றால் இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் சேர்த்து முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஆகலாம். பெரிய விமானங்கள் அடுத்தடுத்து இறங்கும் நேரமாக இருந்தால் அதற்கு மேலும் ஆகும். வருகிறவர் வீல்சேர் கேட்டிருந்தால் எல்லோரும் இறங்கிய பிறகுதான் அவரை இறக்குவார்கள். ஆனால் இமிக்ரேஷனில் பல இடங்களில் தனி வரிசை கிடைக்கும். அவருடைய போன் அந்த நாட்டில் வேலை செய்யுமா என்பதை மட்டும் அவர் கிளம்புவதற்கு முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யாது என்றால் எந்த வாசலில் நிற்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அவர் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.